பழைய பெட்டியும் மலிவுப் பலகையும்

கல்முனைக் கடைத்தெருவிலே, கணினி திருத்தும் கடை எதனை எட்டிப் பார்த்தாலும், சுவரோரமாகச் சாம்பல் நிறத் தகரப் பெட்டிகள் சில அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பழுதுற்ற கணினிகளிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டவை அவை. ஒரு பக்கத்தில் காற்றாடி. மற்றொரு பக்கத்தில் பல நிறக் கம்பிகளின் கற்றை. கணினியின் மூளை பழையதாகி எவருக்கும் வேண்டாததாகி விட்டாலும், அதற்கு உணவூட்டி வந்த இந்தப் பெட்டி பெரும்பாலும் உயிருடனேயே இருக்கின்றது. ஆங்கிலம் தெரிந்தோர் அதனைப் ‘பவர் சப்ளை’ என்பர். நம் பாடநூல்கள் வலு வழங்கி என்கின்றன.

இந்தப் பழைய பெட்டி, மின்னியல் பயிலும் மாணவன் ஒருவனுக்குப் புதையல் போன்றது. பரிசோதனைச் சாலையில் உள்ள நல்ல வலு வழங்கி ஒன்றை விலை கொடுத்து வாங்க நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இயலும்? ஆனால், பழைய பெட்டியொன்றும், அதன் கம்பிகளைத் தனித்தனியே பிரித்துத் தரும் சிறிய பலகையொன்றும் இருந்தால் அந்த வேலையைச் செய்துகொள்ளலாம். இந்தப் பலகையைக் கடைக்காரர்கள் ‘பிரேக் அவுட் போர்ட்’ என்று விற்கின்றனர். நாம் அதனைப் பிரிப்புப் பலகை என்போம். ஒரு சோடிச் செருப்பின் விலைக்குள் அது கிடைத்துவிடுகிறது.

அந்த மலிவுப் பலகையை நம்பலாமா? நம்பலாகாது என்றால், அதனை நம்பத் தக்கதாக மாற்ற முடியுமா? இவ்விரு கேள்விகளும் சென்ற மாதம் எங்கள் குடும்பத்திலேயே எழுந்தன. ஒரு மாணவனின் மேசை நிலைப்பதும் கிணற்றுக்குள் போவதும் அவற்றின் விடையைப் பொறுத்திருந்தது. ஆகவே, அந்தக் கதையையே இவ்வாரம் கூறுகிறேன்.

நள்ளிரவில் எழுந்த புகை

என் தங்கையின் மகன் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவில் பயில்கிறான். நம் நாட்டுப் பாடசாலைகளில் அந்தப் பிரிவு 2013 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. வயலின் ஈரம் குறைந்ததும் தானே திறந்து, நிறைந்ததும் தானே மூடும் மதகு ஒன்றின் மாதிரியை அவன் அமைத்துக்கொண்டிருந்தான். சம்மாந்துறைப் பக்கம் எங்களுக்குச் சிறிது வயல் உண்டு. இரவில் நீர் பாயும் முறை வரும்போது அவனுடைய வாப்பா டோர்ச் விளக்குடன் வரப்பில் நிற்பதைக் கண்டவனுக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

மதகுக் கதவைத் தூக்குவதற்கு 12 வோல்ற்று மோட்டர் ஒன்று. அதற்கு மின்சாரம் தருவது பழைய பெட்டியும் மலிவுப் பலகையும். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குக் கதவு காடியில் சிக்கி அசையாது நின்றது. மோட்டரும் நின்றது. நின்ற மோட்டர், ஓடும் மோட்டரைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. ஓடும்போது ஓர் அம்பியர் குடித்த அந்த மோட்டர், நின்றதும் எட்டு அம்பியருக்கு மேல் குடித்தது. தலைமயிர் போன்ற அதன் இணைப்புக் கம்பி சிவந்தது. உறை உருகிப் புகைந்தது. கொப்பியொன்றின் ஓரம் கருகியது. பையன் சொருகியைப் பிடுங்கிவிட்டான். அதற்குள் புகை நாற்றம் வீடு முழுவதும் பரவிவிட்டது.

மறுநாட் காலை தங்கை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“காக்கா, அந்தப் பெட்டியைக் கிணற்றுக்குள் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நானே போட்டுவிடுவேன். நான் பிள்ளையைப் பெற்றது கரிக்கட்டையாக்குவதற்கு அல்ல!”

அவளுக்குப் பின்னே தலைகுனிந்து நின்ற மருமகனோ, “மாமா, பலகையில் உருகி இருக்கிறது. பெட்டிக்குள்ளும் பாதுகாப்பு இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் ஒன்றும் துண்டிக்கவில்லை?” என்று கேட்டான்.

தாயின் கோபம் நியாயமானது. மகனின் கேள்வியும் நியாயமானது. ஒரு வாரம் தவணை கேட்டு, பெட்டியையும் பலகையையும் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலிலே பெட்டியின் இயல்பை அறிந்துகொள்வோம். இன்று மேசைக் கணினிகளில் உள்ள வலு வழங்கிகளுள் மிகப் பல, அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் நியமத்தைத் தழுவியவை. ஆதலால் எந்நாட்டில் செய்யப்பட்டதாயினும் கம்பிகளின் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மஞ்சள் 12 வோல்ற்று, சிவப்பு 5 வோல்ற்று, செம்மஞ்சள் 3.3 வோல்ற்று, நீலம் மறை 12 வோல்ற்று. கறுப்பு யாவற்றுக்கும் பொதுவான திரும்பு வழி. ஊதாக் கம்பி, பெட்டி உறங்கும்போதும் 5 வோல்ற்றைத் தந்துகொண்டிருப்பது. பச்சைக் கம்பியைக் கறுப்புடன் தொடுத்தால் பெட்டி விழித்தெழும். எல்லாம் சரியாக எழுந்துவிட்டன என்று அறிவிப்பது சாம்பல் நிறக் கம்பி.

பிரதான சொருகியிலே 24 முனைகள் உள்ளன. அவற்றுள் கறுப்பு எட்டு, சிவப்பு ஐந்து, செம்மஞ்சள் நான்கு, மஞ்சள் இரண்டு. பழைய பெட்டிகளில் 20 முனைகளே இருந்தன. ஒரே வோல்ற்றளவுக்கு ஏன் இத்தனை முனைகள்? ஒரு முனை தாங்கக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 6 அம்பியர் அளவே. பல முனைகள் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன.

மருமகனின் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 12 வோல்ற்றில் 15 அம்பியர். 5 வோல்ற்றில் 21 அம்பியர். இங்கேதான் அவனுடைய கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. பதினைந்து அம்பியர் தரவென்று செய்யப்பட்ட பெட்டிக்கு எட்டு அம்பியர் என்பது அன்றாட வேலை. அதனை ஒரு தவறென்று பெட்டி எவ்வாறு கருதும்?

நம் வட்டாரத்து உவமை ஒன்று கூறுகிறேன். 1949 ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக இங்கினியாகலையிலே சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அங்கிருந்து பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், சிறு வாய்க்கால் எனப் பிரிந்து நீர் வயலை வந்தடைகிறது. சமுத்திரத்தின் பெருந்துருசிலே நிற்பவருக்கு, உங்கள் வரப்பு உடைவது தெரியுமா? அவருக்கு அது ஒரு துளி. வரப்பைக் காக்க வேண்டியவர் வட்டைவிதானையும், சிறு வாய்க்காலின் பலகையுமே. கணினிப் பெட்டி சமுத்திரம், பிரிப்புப் பலகை வாய்க்கால், உருகி வட்டைவிதானை. விதானை உறங்கினால் வரப்பு உடைவது நிச்சயம்.

பலகையைச் சோதித்த முறை

மலிவுப் பொருளைச் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சாதாரணப் பல்மானி ஒன்றும், பொறுமையும் போதும். நான்கு படிகளிலே அதனைச் சோதித்தோம்.

முதலாவது, கண்ணாற் பார்த்தல். பலகையைப் பகல் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் செப்புப் பாதை எங்கே செல்கிறது என்று பின்தொடர்ந்தோம். மருதமுனை நெசவாளர் புடைவையை ஒளிக்கு எதிரே பிடித்து இழையோட்டம் பார்ப்பதில்லையா? அது போன்ற வேலைதான். எட்டுக் கறுப்பு முனைகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தன, நல்லது. ஆனால், அங்கிருந்து திருகு முனைகளுக்குச் செல்லும் பாதை மூன்று மில்லிமீற்றரே அகலமாயிருந்தது. வழக்கமான தடிப்புடைய செப்புப் படலத்தில், அதிகம் சூடேறாமல் 5 அம்பியர் செல்வதற்கே ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் வேண்டும். பத்து அம்பியருக்கு ஏழு மில்லிமீற்றர் வேண்டும். எல்லா வோல்ற்றளவுகளின் மின்னோட்டமும் ஒன்றுகூடித் திரும்பும் வழி இது. போவதற்கு நான்கு பாதை, வருவதற்கு ஒற்றையடிப் பாதை என்றால் நெரிசல் ஏற்படாதா?

இரண்டாவது, சுமையில்லாமல் அளத்தல். பெட்டியை எழுப்பித் திருகு முனைகளில் பல்மானியை வைத்தோம். 12.1, 5.08, 3.34. நியமத்தின்படி இவை ஒவ்வொன்றும் நூற்றுக்கு 5 வரை கூடவோ குறையவோ செய்யலாம். அதாவது 12 வோல்ற்று 11.40க்கும் 12.60க்கும் இடையிலும், 5 வோல்ற்று 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். எல்லாம் சரியாகவே இருந்தன. மருமகனின் முகம் மலர்ந்தது.

“அவசரப்படாதே மகன்; மூட்டை ஏற்றாத வண்டில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும்” என்றேன்.

மூன்றாவது, சுமையேற்றி அளத்தல். இதுவே உண்மையான பரீட்சை. 5 வோல்ற்று முனையிலே ஓர் ஓம் தடையி ஒன்றை, 50 உவாற்றுத் தாங்கும் உலோக உறையுடையதாகப் பார்த்து, தடித்த அலுமினியத் தகட்டில் திருகிப் பொருத்தினோம். ஏறத்தாழ 5 அம்பியர் பாய்ந்தது. இப்போது பலகையின் திருகு முனையில் 4.68 வோல்ற்று! எல்லைக்குக் கீழே விழுந்துவிட்டது. பெட்டி கெட்டதா? சொருகியின் பின்புறத்தில், கம்பி நுழையும் இடத்திலேயே அளந்தால் 5.02 வோல்ற்று இருந்தது. ஆகவே பெட்டி நல்லது. இடையிலே 0.34 வோல்ற்றை விழுங்கியது பலகைதான். அதிலே 0.25 நேர்வழியிலும், 0.09 திரும்பும் வழியிலும் தொலைந்தன.

தொலைந்த வோல்ற்றளவு எங்கே போயிற்று? வெப்பமாயிற்று. வோல்ற்றளவை மின்னோட்டத்தாற் பெருக்கினால் வலு. 0.34ஐ ஏறத்தாழ 4.7ஆற் பெருக்க, ஒன்றரை உவாற்றுக்குச் சற்று மேல். விரல்நுனி அளவான உறுப்புகளுக்கு அது சிறிய சூடன்று.

நான்காவது, சூட்டை அறிதல். இதற்கு நாம் கையாண்டது மெழுகுதிரி. பலகையில் இருந்த ஒவ்வோர் உருகியின் மீதும் மெழுகுத் துகள் ஒன்றை வைத்தோம். மெழுகு ஏறக்குறைய 60 பாகைச் சூட்டில் உருகும். ஐந்து நிமிடங்களுக்குள் 5 வோல்ற்று உருகியின் மேலிருந்த துகள் நீராகிவிட்டது. நேர்வழியில் வோல்ற்றைத் தின்றது எது என்பது இப்போது கண்ணுக்கே தெரிந்தது.

தானே குணமாகும் உருகி

அந்த மலிவுப் பலகையில் இருந்தவை சாதாரண உருகிகள் அல்ல. மஞ்சள் நிற வில்லைகள். ஒருமுறை துண்டித்தாலும் ஆறியபின் தாமாகவே பழைய நிலைக்கு மீள்பவை. கரித்தூள் கலந்த ஒருவகைப் பிளாஸ்டிக்கே இவற்றின் உட்பொருள். மின்னோட்டம் மிகுந்தால் அது சூடாகி விரியும். கரித்துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகும். தடை திடீரென்று உயரும். கேட்பதற்கு மிகவும் நல்ல ஏற்பாடுதான். கணினிகளிலும் அவை பயன்படுகின்றன.

ஆனால், அதன்மேல் 5 அம்பியர் என்று எழுதியிருந்தால், 5 அம்பியரைத் துண்டிக்காமல் தாங்கும் என்பதே அதன் பொருள். நிச்சயமாகத் துண்டிக்கும் அளவு பெரும்பாலும் அதன் இரு மடங்கு. அதாவது பத்து அம்பியர். இடையில் உள்ள அளவுகளில் துண்டிக்கலாம், துண்டிக்காமலும் இருக்கலாம். துண்டித்தாலும் பல விநாடிகள் செல்லலாம். வெயில் கொளுத்தும் நாளில் முன்னரும், மாரிக் குளிரில் பின்னரும் துண்டிக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

இப்போது நள்ளிரவுப் புகையின் மர்மம் விளங்குகிறதல்லவா? எட்டு அம்பியரைக் கண்டு, “எனக்குப் பதினைந்து வரை அனுமதி உண்டு” என்றது பெட்டி. “எனக்கு இன்னும் பத்து ஆகவில்லை” என்றது வில்லை. இரண்டும் தத்தம் சட்டப்படியே நடந்தன. நடுவிலே, ஓரிரு அம்பியருக்கு மேல் தாங்காத ஏழைக் கம்பி எரிந்தது. பெட்டிக்கு உரிய பாதுகாப்பு வேறு. கம்பிக்கு உரிய பாதுகாப்பு வேறு. உருகியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது, அதற்குப் பின்னே வரும் கம்பியின் பலமே. மின்வேலை செய்யும் எவரும் மறக்கலாகாத விதி இது. மருமகனும் தன் பங்குக்கு அதனை மறந்திருந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மோட்டருக்கு அத்துணை மெல்லிய கம்பியை இணைத்தவன் அவனே.

திருத்திய விதம்

குறை தெரிந்தபின் திருத்துவது எளிது. நாங்கள் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன். பெட்டியின் சொருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டே இவ்வேலைகளைச் செய்தல் வேண்டும்.

முதலிலே வில்லைகளைப் பலகையிலிருந்து கழற்றினோம். அவற்றின் இடத்திலிருந்து தடித்த வாகன மின்கம்பிகளை எடுத்து, முச்சக்கர வண்டிகளிலும் கார்களிலும் உள்ள தகட்டு உருகிகளுக்குரிய கூடுகளுடன் இணைத்தோம். வாகன உதிரிப்பாகக் கடைகளில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன. நிறத்தைக் கொண்டே அளவை அறியலாம் என்பது இவற்றின் சிறப்பு. ஊதா 3 அம்பியர்; கபிலம் ஏழரை; சிவப்பு 10; நீலம் 15. அன்றாட உபயோகத்திற்கு நான்கு கூடுகளிலும் ஊதா உருகியே போதும் என்று தீர்மானித்தோம். இரு மடங்கு மின்னோட்டம் வந்தால், கூடியது ஐந்து விநாடிகளுக்குள் இந்த இன உருகி அறுந்துவிடும். மோட்டரின் மெல்லிய கம்பியையும் எறிந்துவிட்டு, வாகன மின்கம்பியையே இட்டோம்.

அடுத்து, ஒற்றையடிப் பாதையை அகலமாக்கினோம். பலகையின் அடிப்புறத்தில் திரும்பும் வழியின் மேற்பூச்சைச் சுரண்டி, தடித்த செப்புக் கம்பியொன்றை அதன் நீளத்திற்கு ஈயத்தாற் பற்றவைத்தோம். செலவு ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை.

மூன்றாவது திருத்தத்தைச் சற்று விளக்க வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ற்றும் 5 வோல்ற்றும் ஒரே கடிவாளத்தில் பூட்டிய இரட்டை மாடுகளைப் போன்றவை. ஒன்றின்மீது மாத்திரம் பாரமேற்றினால் மற்றது துள்ளும். 21 உவாற்றுக் கார் மின்குமிழ்கள் மூன்றை, அதாவது ஐந்தேகால் அம்பியரை, 12 வோல்ற்றில் மட்டும் இணைத்தபோது அது 11.3க்கு இறங்கிற்று, எவரும் தொடாத 5 வோல்ற்று 5.3க்கு ஏறிற்று. இரண்டும் எல்லைக்கு வெளியே! இதற்குப் பரிகாரம், 5 வோல்ற்றுக்கு எப்பொழுதும் சிறிய சுமையொன்றைக் கொடுத்து வைத்திருப்பதே. 10 ஓம், 10 உவாற்றுத் தடையி ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினோம். அது அரை அம்பியர் குடித்து, இரண்டரை உவாற்றுச் சூட்டை வெளியிடும். ஆதலால் மரத்திலோ கடதாசியிலோ படாதபடி, காற்றாடியின் காற்று படும் இடத்தில் வைத்தோம். பின்னர் அளந்தபோது 12 வோல்ற்று 11.6 ஆகவும், 5 வோல்ற்று 5.15 ஆகவும் நின்றன.

பலகையிலிருந்த சிறிய ஆளியையும் மாற்றலாமா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த ஆளி பச்சைக் கம்பியைக் கறுப்புடன் தொடுத்து அடையாளங் காட்டுவது மட்டுமே. அதனூடாகச் செல்லும் மின்னோட்டம் மிகச் சொற்பம். மலிவு ஆளியே அதற்குப் போதும். காசைச் செலவிடத் தெரிவது போலவே, செலவிடாதிருக்கத் தெரிவதும் தொழினுட்பத்தின் ஒரு பகுதியே.

இறுதியாக, கடற்கரை ஊருக்கென்றே ஒரு வேலை. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கடலுக்கு அண்மையில் வாழ்வோர், யன்னற் கம்பி எத்துணை விரைவில் துருப்பிடிக்கிறது என்பதை அறிவர். அதே உப்புக் காற்றுத்தான் செப்பையும் பச்சையாக்குகிறது. பச்சை பிடித்த இணைப்பில் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். எனவே திருகு முனைகளை மூடிவிட்டு, பலகையின் இருபுறமும் மின்பொருள்களுக்குரிய மெருகெண்ணெயை மெல்லிதாகப் பூசினோம். பின்னர் தகரம் சேராத மூடியுள்ள பெட்டியில் அதனைப் பொருத்தினோம்.

ஒவ்வொரு முனையின் அருகிலும் மருமகன் தமிழிலேயே பெயர் எழுதி ஒட்டினான். நமக்கு அயலூரான காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை அப்போது அவனுக்குக் கூறினேன். “தடை, உருகி, ஆளி என்று எழுதினால் உம்மாவுக்கும் விளங்குமல்லவா, மாமா?” என்றான். விளங்கத்தான் வேண்டும். விளங்காத பொருளுக்கே வீட்டார் பெரிதும் அஞ்சுகின்றனர்.

தாயின் பரீட்சை

தவணை முடிந்த வெள்ளிக்கிழமை மாலை, தங்கையையும் மச்சானையும் அழைத்தோம். முதலில் பழைய அளவைத் திரும்பவும் எடுத்தோம். பரீட்சைக்காகக் கபில நிற உருகியை இட்டு, அதே ஓர் ஓம் தடையியை இணைத்தபோது, முன்னர் 4.68 காட்டிய முனை இப்போது 4.91 காட்டிற்று. பலகையில் வீணாகும் வலு அரை உவாற்றளவுக்குக் குறைந்துவிட்டது. மருமகன் எண்களைப் பெருமையுடன் வாசித்தான்.

தங்கை எண்களைக் கேட்கவில்லை. “அன்றிரவு நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டு” என்றாள்.

ஊதா உருகியை இட்டு, மதகை ஓடவிட்டு, மரச் சக்கை ஒன்றைக் காடியிலே செருகினோம். கதவு நின்றது. மோட்டர் ஒரு கணம் முனகிற்று. அதற்குள் உருகி அறுந்து யாவும் அமைதியாயின. கம்பியை அவளே தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. அறுந்த உருகியை விரல்களுக்கிடையே பிடித்து, வெளிச்சத்திற்கு எதிரே தூக்கி, நடுவில் அறுந்திருந்த சிறிய உலோகத் துண்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒவ்வொரு முறையும் இது போய்விடுமா?”

“போய்விடும், உம்மா. புதிதாக ஒன்று போட வேண்டும்.”

“போனால் போகட்டும். பத்து வாங்கி வை. ஆனால் நான் உறங்கியபின் அதைத் தொடக்கூடாது.”

பெட்டி கிணற்றுக்குத் தப்பிற்று.

வாசகர் கவனத்துக்குச் சில

இதனைப் படித்துத் தாமும் முயல விரும்பும் மாணவர்கள் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தகரப் பெட்டியை ஒருபோதும் திறக்கலாகாது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டம், பெட்டிக்குள்ளே ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாகக் கொள்ளளவிகளிலே சேமிக்கப்படுகிறது. சொருகியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் அங்கே தங்கியிருக்கும். உயிரைப் பறிக்க வல்லது. நாம் திருத்துவது வெளியேயுள்ள பலகையை மாத்திரமே. காற்றாடி சுழலாத பெட்டியையும், எரிந்த நாற்றம் வீசும் பெட்டியையும் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

புவித்தொடுப்புள்ள மூன்று முனைச் சொருகியையே பயன்படுத்துக. பெட்டியின் கறுப்புக் கம்பி, தகரத்தின் ஊடாகப் புவியுடன் இணைந்திருப்பது வழக்கம். இதனால் இன்னொரு விளைவும் உண்டு. மின்கலங்களைத் தொடராக வைப்பது போல இரண்டு பெட்டிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ற்றுப் பெறலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இரண்டின் கறுப்பும் ஏற்கெனவே புவியிலே ஒன்றாயிருப்பதால், அவ்வாறு இணைத்தவுடன் குறுஞ்சுற்றே உண்டாகும்.

தோணி விளக்குகளுக்குரிய 12 வோல்ற்று மின்கலத்தை இதனால் ஏற்றலாமா என்று என்னைக் கேட்டவர் பலர். 2022 ஆம் ஆண்டில் மின்வெட்டு மணிக்கணக்காக நீண்ட நாட்களிலே இக்கேள்வி அடிக்கடி எழுந்தது. ஏற்றலாகாது. ஈய மின்கலம் நிறைவதற்கு 14 வோல்ற்றளவு வேண்டும். 12 வோல்ற்றால் அது நிறையாது. அன்றியும், பெட்டியை நிறுத்தியதும் மின்கலத்திலிருந்து மின்னோட்டம் பெட்டிக்குள்ளே திரும்பிப் பாயவும் கூடும்.

நீலக் கம்பியின் மறை 12 வோல்ற்று மிகவும் பலவீனமானது. அரை அம்பியரளவிற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆளியை நிறுத்தினாலும் ஊதாக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஆதலால் இரவிலே சுவர்ச் சொருகியையும் நிறுத்திவிடுதல் நன்று.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை மேசையில் எதையோ கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தால் உடனே தடுத்துவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடவும் வேண்டாம். என் தங்கை கேட்டதைப் போலக் கேளுங்கள்: “பிழைத்தால் என்ன நடக்கும்? எனக்கு நடத்திக் காட்டு.” மலிவுப் பலகையைச் செய்தவர் தம்மைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. அதற்கு விடை காட்டத் தெரிந்த பிள்ளையின் மேசைக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

மருமகனின் மதகு இப்பொழுது பாடசாலையில் இருக்கிறது. ஊதா உருகிகள் பத்தும் அவனுடைய மேசை இழுப்பறையில் இருக்கின்றன. சரியாகச் சொன்னால் எட்டு. இரண்டு ஏற்கெனவே தம் கடமையைச் செய்து முடித்துவிட்டன.